மணமாகாத இணையர் பிரிந்தால்: வீடும் குழந்தையும்

திருமணம் செய்துகொள்ளாமல் ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து வாழ்வது இந்தியாவில் குற்றமல்ல. வயதுவந்த இருவர் மனமொப்பி அப்படி வாழலாம் என்பதை உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் உறுதி செய்திருக்கிறது. ஆனால் அவர்கள் பிரியும்போது என்ன நடக்க வேண்டும் என்று சொல்ல, நாடு முழுமைக்குமான தனிச் சட்டம் எதுவும் இல்லை. விவாகரத்து மனு போட முடியாது. ரத்து செய்வதற்குத் திருமணமே இல்லை. வீட்டில் யார் இருப்பது, குழந்தை யாரிடம் வளர்வது என்ற இரண்டு கேள்விகளுக்கும் வெவ்வேறு சட்டங்களில்தான் விடை தேட வேண்டும். வீடு என்று வரும்போது, இருவரும் எப்படி வாழ்ந்தார்கள் என்று சட்டம் துருவிப் பார்க்கிறது. குழந்தையின் காப்பு, பராமரிப்பு என்று வரும்போது அப்படித் துருவுவதில்லை; குழந்தையின் நலனையே பார்க்கிறது.

குடியிருக்கும் உரிமை

வேளச்சேரியில் ஒரு வாடகை வீடு என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தம் ஆணின் பெயரில் இருக்கிறது. ஐந்து ஆண்டுகளாக இருவரும் அங்கே ஒரே குடும்பமாக வாழ்ந்திருக்கிறார்கள். மூன்று வயதில் ஒரு குழந்தை. ஒரு மாலை வேலை முடிந்து குழந்தையுடன் வீடு திரும்பும் பெண், கதவில் புதுப் பூட்டு தொங்குவதைப் பார்க்கிறார். துணிமணிகள் மூட்டையாகக் கட்டி மாடிப்படியில் வைக்கப்பட்டிருக்கின்றன. வாடகை ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத அவருக்கு அந்த வீட்டில் உரிமை உண்டா?

உண்டு என்கிறது, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26இல் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டம், மனைவியை மட்டுமல்லாமல் ‘திருமணத்தைப் போன்ற உறவில்’ வாழ்ந்த பெண்ணையும் பாதுகாக்கிறது. இருவரும் சேர்ந்து வாழ்ந்த இல்லம் யார் பெயரில் இருந்தாலும், சொந்த வீடோ வாடகை வீடோ, அதில் குடியிருக்கும் உரிமையைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அவருக்குத் தருகிறது. அடிப்பது மட்டுமே வன்முறை அல்ல. பெண்ணைப் பகிர்ந்து வாழ்ந்த வீட்டுக்குள் நுழையவிடாமல் தடுப்பதும் பொருளாதார வன்முறை என்று சட்டமே வரையறுக்கிறது. அந்தப் புதுப் பூட்டே வழக்குக்குப் போதுமான காரணம்.

19ஆம் பிரிவின்கீழ் நீதித்துறை நடுவர் பலவகை உத்தரவுகளைப் பிறப்பிக்கலாம். பெண்ணை வெளியேற்றக் கூடாது என்று தடுக்கலாம். ஆணையே வெளியேறச் சொல்லலாம். வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ தடை போடலாம். அந்த வீட்டில் தொடர்வது சாத்தியமில்லை என்றால், அதே தரத்தில் வேறு வீடு பார்த்துத் தரவோ அதற்கு வாடகை கட்டவோ ஆணையிடலாம். மனு கிடைத்த மூன்று நாள்களுக்குள் முதல் விசாரணை வைக்க வேண்டும் என்பதும், அதிலிருந்து 60 நாள்களில் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்பதும் சட்டத்தின் வழிகாட்டுதல். நிலைமை அவசரமாக இருந்தால் எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே இடைக்கால உத்தரவு தரலாம்.

வீடு ஆணின் பெற்றோர் பெயரில் இருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது என்ற நிலை 2006 தீர்ப்பு ஒன்றால் நீடித்துவந்தது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பெண் ஓரளவு நிலையாக வாழ்ந்த வீடு உறவினருக்குச் சொந்தமானதாக இருந்தாலும் அது பகிர்ந்து வாழ்ந்த இல்லமே என்று அது தீர்ப்பளித்தது.

எந்த உறவு ‘திருமணத்தைப் போன்றது’?

சேர்ந்து வாழ்ந்த எல்லோரும் இந்தப் பாதுகாப்புக்குள் வந்துவிடுவதில்லை. கோவை குடும்பநல நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில், 2010இல் இதற்கான அளவுகோல்கள் வகுக்கப்பட்டன. இருவரும் சமூகத்தின் முன் கணவன் மனைவியைப் போல வாழ்ந்திருக்க வேண்டும். இருவருக்கும் திருமண வயது நிறைந்திருக்க வேண்டும். வேறு திருமண பந்தத்தில் இருக்கக் கூடாது. கணிசமான காலம் தாமாக விரும்பிச் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். வார இறுதியில் மட்டும் சந்தித்துக்கொள்வது இதில் சேராது.

2013இல் வந்த இன்னொரு தீர்ப்பு, வரவுசெலவு, வீட்டு வேலைப் பங்கீடு, குழந்தைகள், அக்கம்பக்கத்தாரிடம் பழகிய விதம் ஆகியவற்றையும் பார்க்கச் சொன்னது. ஆண் ஏற்கெனவே மணமானவர் என்று தெரிந்தே சேர்ந்து வாழ்ந்த பெண்ணுக்கு அந்தத் தீர்ப்பு நிவாரணம் மறுத்தது. அதே சமயம், இத்தகைய பெண்களையும் அவர்களுடைய குழந்தைகளையும் காக்கச் சட்டம் தேவை என்று நாடாளுமன்றத்துக்கு நினைவூட்டியது. அந்தச் சட்டம் வரவில்லை. நிராதரவாக நிற்பவர்களில் பலர் இந்த வகையினர் என்பது வேதனையான உண்மை.

எனவே சேர்ந்து வாழ்ந்ததற்கான சான்று முக்கியம். ஒரே முகவரி உள்ள ஆதார் அட்டைகள், கேஸ் புத்தகம், கூட்டு வங்கிக் கணக்கு, குழந்தையின் பள்ளிச் சேர்க்கைப் படிவம், வீட்டு உரிமையாளரின் சாட்சியம் என்று அன்றாடக் காகிதங்களே இங்கே ஆதாரம்.

குடியிருப்பது வேறு, சொந்தம் வேறு

மேலே சொன்னது கூரைக்கான பாதுகாப்பு மட்டும்தான். அது சொத்தில் பங்கு தராது. மணமாகாத ஆணுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. சொத்துரிமையைப் பத்திரம்தான் தீர்மானிக்கிறது.

இருவர் பெயரிலும் வாங்கிய வீடு என்றால், சொத்து மாற்றச் சட்டத்தின் 45ஆம் பிரிவு பொருந்தும். அவரவர் போட்ட பணத்தின் விகிதத்தில் பங்கு. விகிதத்துக்குச் சான்று இல்லாவிட்டால் சரிபாதி. பேசித் தீராவிட்டால் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். பிரிக்க முடியாத வீடாக இருந்தால், விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள்ள நீதிமன்றம் உத்தரவிடலாம். வீட்டுக்கடனில் இருவரும் கையெழுத்திட்டிருந்தால், பிரிந்த பிறகும் வங்கிக்கு இருவருமே பொறுப்பு.

ஒருவர் பணம் கொடுத்து மற்றவர் பெயரில் மட்டும் வாங்கினால் நிலைமை கடினம். தன் வருமானத்தில் கணவன், மனைவி அல்லது குழந்தையின் பெயரில் வாங்குவதற்குப் பினாமிச் சட்டம் விலக்கு அளிக்கிறது. மணமாகாத இணையருக்கு அந்த விலக்கு இல்லை. ‘பணம் என்னுடையது’ என்று பின்னால் வழக்குத் தொடரும் வழியைச் சட்டம் அடைத்துவிடும். சேர்ந்து வீடு வாங்குவோர் இரண்டு பெயரையும் கிரயப் பத்திரத்தில் சேர்த்து, அவரவர் பங்கையும் எழுதிவைப்பதே நல்லது.

குழந்தை யாரிடம்?

இந்துச் சிறார் மற்றும் காப்பாளர் சட்டம், 1956இன்படி திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தையின் இயற்கைக் காப்பாளர் தாய். அவருக்குப் பிறகே தந்தை. திருமணத்தில் பிறந்த குழந்தைக்குத் தந்தையை முதலில் சொல்லும் சட்டம், இங்கே வரிசையை மாற்றிவைக்கிறது. மற்ற மதத்தினரின் வழக்குகளில் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புறுநர் சட்டம் துணைக்கு வருகிறது.

டெல்லியில் மணமாகாத ஒரு கிறிஸ்தவத் தாய், தன் சேமிப்புக்கும் காப்பீட்டுக்கும் மகனை நியமனதாரராக்க விரும்பினார். தந்தையின் பெயர் வேண்டும் என்றார்கள். அவர் தனக்கே காப்பாளர் உரிமை கோரியபோது, தந்தைக்கு அறிவிப்பு அனுப்பாமல் மனுவை ஏற்க முடியாது என்று கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் மறுத்தன. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. தந்தையின் பெயரைச் சொல்லும்படி தாயைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. மணமாகாத தாய் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால், அதன்பேரில் பிறப்புச் சான்றிதழ் வழங்க வேண்டும் என்றும் ஆணையிட்டது.

இதனால் தந்தைக்கு எந்த உரிமையும் இல்லை என்றாகாது. குழந்தையைச் சந்திக்கவோ, தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளவோ அவரும் குடும்பநல நீதிமன்றத்தை அணுகலாம். அங்கே நீதிபதி எடைபோடுவது குழந்தையின் நலனை. யார் இதுவரை பார்த்துக்கொண்டார்கள், படிப்பு தடைபடுமா என்பவை கவனிக்கப்படும். விவரம் தெரிந்த வயது என்றால் குழந்தையின் விருப்பமும் கேட்கப்படும்.

பராமரிப்பும் வாரிசுரிமையும்

குழந்தைக்குச் சோறும் படிப்பும் தருவது தந்தையின் கடமை. தாயை மணந்தாரா என்பது இங்கே கேள்வியே இல்லை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவாக இருந்ததும், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக இருப்பதும் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. தந்தை மறுத்தால் உறவை நிரூபிக்க வேண்டியிருக்கும். அவர் பெயருள்ள பிறப்புச் சான்றிதழ், மருத்துவமனைப் பதிவு போன்றவை அப்போது உதவும். தேவைப்பட்டால் நீதிமன்றம் டிஎன்ஏ பரிசோதனைக்கும் உத்தரவிடலாம்.

வாரிசுரிமையில்தான் குழந்தைக்கு இன்னும் குறை இருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டம் இத்தகைய குழந்தையைத் தாய்வழி உறவாக மட்டுமே கருதுகிறது. நெடுங்காலம் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களுக்குத் திருமணம் நடந்ததாகவே அனுமானிக்கலாம் என்று 1978இலும், கேரள வழக்கு ஒன்றில் 2022இலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த அனுமானம் நிலைத்தால் பிள்ளைக்குத் தந்தை வழியிலும் பங்கு கிடைக்கும். ஆனால் எதிர்த்தரப்பு அதை மறுத்து நிரூபிக்க முடியும். தந்தை தன் சொந்தச் சம்பாத்தியத்தை உயிலாகவோ தான செட்டில்மென்டாகவோ எழுதிவைத்தால் பிள்ளை நீதிமன்றப் படி ஏற வேண்டிய தேவை குறையும்.

உத்தராகண்ட் மாநிலம் வேறு வழியில் போகிறது. 2025 ஜனவரி 27 முதல் அங்கே நடைமுறையில் உள்ள பொது சிவில் சட்டம், இத்தகைய உறவைப் பதிவுசெய்வதைக் கட்டாயமாக்குகிறது. அந்த உறவில் பிறக்கும் குழந்தை சட்டப்படியான குழந்தை. கைவிடப்பட்ட பெண் பராமரிப்புத் தொகை கோரலாம்.

எங்கே போவது?

தமிழ்நாட்டில் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் பெண்கள் நேரடியாகப் புகார் தரலாம். மனு தயாரிக்க அவர் உதவுவார். அவசர உதவிக்கு 181 என்ற எண்ணை அழைக்கலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தருகிறது. அதன் உதவி எண் 15100.