வீடா, வியாபார நிலையமா?

ஒரு தாய் தன் வீட்டிலிருந்தவாறே அயலிலுள்ள பிள்ளைகள் சிலரைப் பகற்பொழுதிற் பராமரிக்க விரும்புகின்றாள். அதற்குக் கூலியும் பெறுகின்றாள். அவள் இருப்பிடம் அப்பொழுது வீடா, வியாபார நிலையமா? எளியதாகத் தோன்றும் இவ்வினா, அமெரிக்க ஐக்கிய நாட்டின் நகரசபைகளுக்கு நெடுங்காலம் சிக்கலாயிருந்தது. கலிபோர்னியா மாநிலம் இதற்கு இறுத்த விடையை நேயர்களுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

ஒரு நகரத்தை வகுத்து, இன்ன பகுதியிற் குடியிருப்பு, இன்ன பகுதியிற் கடை, இன்ன பகுதியில் ஆலை என வரையறுப்பதை வலயமுறை என்பர். நியூயோர்க் நகரம் 1916ஆம் ஆண்டில் நகர் முழுவதற்கும் இத்தகைய விதிகளை இயற்றியது. ஒகையோ மாநிலத்து யூக்கிளிட் என்னும் ஊரைப் பற்றிய வழக்கில், இவ்விதிகள் அரசியலமைப்புக்கு முரணானவை அல்ல என அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1926இல் தீர்ப்பளித்தது. ஆலைப்புகையும் சந்தை இரைச்சலும் குடியிருப்போரை வருத்தாமற் காப்பதே இவற்றின் நோக்கம்.

நோக்கம் நன்றே. ஆயினும், பிள்ளைகளின் விளையாட்டொலியையும் காலை மாலையிற் பெற்றோரின் வண்டிகள் வந்து நிற்பதையும் இவற்றோடு ஒப்பவைத்து எண்ணலாமா?

கலிபோர்னியாவில் வீட்டுப் பராமரிப்பகங்கள் இருவகைப்படும். உரிய நிபந்தனைகளுக்கு அமைந்து, சிறியவை 8 பிள்ளைகள் வரையும், பெரியவை 14 பிள்ளைகள் வரையும் ஏற்கலாம். முன்னைய சட்டத்தின்படி, பெரியவற்றுக்குத் தனி அனுமதி வேண்டுமென நகரசபை விதிக்கலாம். ஒரு பராமரிப்பகத்துக்கும் மற்றொன்றுக்கும் இடையிலுள்ள தூரம், வண்டி நிறுத்துமிடம், போக்குவரத்து, இரைச்சல் ஆகியன பற்றி நிபந்தனைகளும் இடலாம். சிறு வருமானத்தை நம்பித் தொடங்குவோருக்கு அனுமதிக் கட்டணமும் காத்திருக்கும் காலமும் பெருஞ்சுமையாகும்.

2019இல் நிறைவேறி, 2020 சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த சட்டம் இந்நிலையை மாற்றியது. இருவகைப் பராமரிப்பகங்களும் குடியிருப்பு வீடுகளாகவே கொள்ளப்படல் வேண்டும். நகரசபை வலய அனுமதி கோருதலும், தொழில் வரி அறவிடுதலும் ஆகா. வாடகை வீடாயினும் உடைமையாளர் தடைசெய்ய இயலாது. குடியிருப்பவர் 30 நாட்களுக்கு முன்னர் எழுத்தில் அறிவித்தல் வேண்டும்.

அங்ஙனமாயின் கட்டுப்பாடு யாதும் இல்லையோ எனின், உண்டு. மாநில அரசின் அனுமதிப்பத்திரமும், பராமரிப்போரின் முன்வரலாறு பற்றிய விசாரணையும், முதலுதவிப் பயிற்சியும் இன்றியமையாதன. தீயணைக்கும் கருவியும் புகையுணர் கருவியும் வீட்டில் இருத்தல் வேண்டும். பெரிய பராமரிப்பகத்துக்குத் தீயணைப்பு அதிகாரியின் இசைவும், உதவியாளர் ஒருவரும் வேண்டும். சிறிய பராமரிப்பகத்தில் 2 வயது நிரம்பாத குழந்தைகளை மாத்திரம் ஏற்பவர் 4 பேருக்கு மேல் ஏற்கலாகாது. தீப்பற்றினால் அத்துணைக் குழந்தைகளையும் ஒருவரே தூக்கிச் செல்ல நேரும் என்பதை எண்ணின், இதன் அருமை புலனாகும்.

அயலாரின் உரிமையும் கைவிடப்படவில்லை. எல்லா வீடுகளுக்கும் பொதுவான இரைச்சல் விதி இவ்வீட்டுக்கும் பொருந்தும். பராமரிப்பகம் என்பதற்காக மட்டும் வேறு விதி செய்தலே தவறு.

பிள்ளைகளோடு பல்லாண்டு பழகிய ஆசிரியன் என்னும் முறையில் ஒன்று கூறுவேன். விடியற்காலையில் வேலைக்குச் செல்லும் தாய், தன் மகவைத் தன் தெருவிலேயே நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைக்க முடியுமாயின், அவள் மனம் அமைதியுறும். பிள்ளையும் வீட்டுச் சூழலிலேயே வளரும். பாதுகாப்பிற் கண்டிப்பும், இடம் பற்றிய விதியில் இரக்கமும் காட்டிய இச்சட்டம், விதி செய்வோர் யாவரும் எண்ணிப்பார்க்கத் தக்கது.