பெருந்தொற்றுக்குப் பிந்திய சுகாதார மேலாண்மை: காசநோய்க் கட்டுப்பாடு காட்டும் படிப்பினை

முன்னுரை

கோவிட்-19 தொடர்பாக உலகச் சுகாதார நிறுவனம் 2020 ஜனவரி 30ஆம் நாள் அறிவித்த பன்னாட்டு நெருக்கடி நிலை, 2023 மே 5ஆம் நாள் முடிவுக்கு வந்தது. ஆயினும், இடைக்காலத்தில் தடைப்பட்ட வழக்கமான மருத்துவப் பணிகளை மீட்டெடுக்கும் கடமை வளரும் நாடுகளுக்கு எஞ்சியிருந்தது. அக்கடமையின் இயல்பைக் காசநோய்க் கட்டுப்பாட்டினைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

இல்லமே மருத்துவமனை

1956இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் ஆய்வு மையம், தன் முதல் ஆய்வு முடிவுகளை 1959இல் வெளியிட்டது. காசநோயாளிகளை வீட்டில் வைத்தே, மருத்துவமனைச் சிகிச்சைக்கு ஏறத்தாழ இணையான பயனுடன் குணப்படுத்தலாம் என அவ்வாய்வு நிறுவியது. படுக்கை வசதி குறைந்த நாடுகளுக்கு இது பெரும் வாய்ப்பாக அமைந்தது. எனினும், மாதக்கணக்கில் மருந்து தவறாமல் கிடைத்தலும் பணியாளரின் தொடர் கண்காணிப்பும் இம்முறைக்கு இன்றியமையாதவை. கட்டடத்தைச் சார்ந்திருந்த மருத்துவம் அன்றாட ஒழுங்கைச் சாரலாயிற்று. பெருந்தொற்று குலைத்ததும் அவ்வொழுங்கையே எனலாம்.

எண்கள் உணர்த்துவன

2019இல் உலக அளவில் 7.1 மில்லியன் பேர் புதிய காசநோயாளிகளாகக் கண்டறியப்பட்டனர். 2020இல் இவ்வெண்ணிக்கை 5.8 மில்லியனாகக் குறைந்தது. இதனை நோய் தணிந்ததன் அறிகுறியாகக் கொள்ளுதல் பொருந்தாது. நடமாட்டக் கட்டுப்பாட்டினால் மக்கள் மருத்துவ நிலையங்களை நாடவில்லை. காசநோய்ப் பணியாளரும், காசநோயைக் கண்டறியும் மூலக்கூற்றுச் சோதனைக் கருவிகளும் பல நாடுகளில் கோவிட் பணிக்குத் திருப்பப்பட்டமை குறிப்பிடத்தக்கது. கண்டறியப்படாதோர் சிகிச்சையின்றி வீட்டாருக்கும் நோயைப் பரப்பும் நிலை உருவாயிற்று. விளைவாக, பத்தாண்டுகளுக்கும் மேலாகக் குறைந்து வந்த காசநோய் இறப்பு 2020இல் உயர்ந்தது.

இதற்கு மாறாக, 2023இல் கண்டறியப்பட்டோர் 8.2 மில்லியன் ஆவர். 1995இல் உலகளாவிய கணக்கெடுப்புத் தொடங்கியது முதல் அதுவரை காணப்படாத உயர்வு இது. பெருமளவில் இது விடுபட்டோரைத் தேடிக் கண்டதன் பயனேயாகும். ஆகவே, பதிவேட்டு எண்ணின் ஏற்றஇறக்கத்தை, சோதனைகளின் எண்ணிக்கையோடு ஒப்புநோக்கியே மதிப்பிடுதல் வேண்டும்.

முடிவுரை

நெருக்கடிக் காலத்தில் கிடைக்கும் நிதி பெரும்பாலும் கருவிகளையும் கட்டடங்களையும் உருவாக்குகின்றது. ஊர்ப்புறப் பணியாளரின் ஊதியம், மருந்து வழங்கல், கருவிப் பராமரிப்பு ஆகியவற்றுக்கோ ஆண்டுதோறும் நிதி தேவை. 2025இல் அமெரிக்க உதவி வெட்டப்பட்டபோது, வெளிநிதியை நம்பியிருந்த பல காசநோய்த் திட்டங்கள் பாதிக்கப்பட்டன. எனவே, இவ்வடிப்படைச் செலவுகளை உள்நாட்டு வரவுசெலவுத் திட்டத்தில் உறுதிப்படுத்துவதும், நெருக்கடியிலும் திருப்பப்படாத பணியாளர் குழுவொன்றைப் பேணுவதும் அடுத்த பெருந்தொற்றுக்கு முன் செய்யத்தக்க ஆயத்தங்களாகும்.