பல்கலைக்கழகமும் கூத்துக் கிராமமும்: உறவை மதிப்பிடல் பற்றிய சில கருத்துக்கள்

பல்கலைக்கழகம் மக்களோடு கொள்ளும் உறவை மதிப்பிடுகையில், நாம் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் அளவுகோல்களையே கையாள்கிறோம். நடத்திய விழாக்களும் வெளியிட்ட நூல்களும் கணக்கிடப்படுகின்றன. மறுதரப்பினராகிய மக்கள் பெற்றது யாது என்ற வினா எழுவதில்லை. ஈழத்துக் கூத்தின் அனுபவத்தைக் கொண்டு இவ்வினாவை ஈண்டு நோக்குவோம்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962இல் கர்ணன் போரையும், பின்னர் நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை ஆகியவற்றையும் மேடையேற்றினார். பாமரர் கலையென இகழப்பட்ட கூத்து, கற்ற மத்தியதர வர்க்கத்தின் மதிப்பைப் பெற்றது. மட்டக்களப்பு அண்ணாவியார் பல்கலைக்கழக மாணவருக்கு ஆசானாயினார். மன்னார் நாடக ஏடுகள் அச்சேறின. இச்சாதனை மறுக்கவொண்ணாதது.

ஆயின், விடியும்வரை வட்டக்களரியில் ஆடப்பெற்ற கூத்து, படச்சட்ட மேடையில் ஓரிரு மணி நேர நாடகமாயிற்று. எதனைக் குறைப்பது, எதனைப் பேணுவது என்பதைத் தீர்மானித்தோர் யாவர்? ஆட்டமும் பாட்டும் கிராமத்திலிருந்து வந்தன. தீர்மானம் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. உழைப்பும் அதன் விளைவின் மீதான அதிகாரமும் இவ்வாறு பிரிந்து நிற்பதைப் பொருளியலில் எளிதில் இனங்காணும் நாம், பண்பாட்டுத் துறையில் காணத் தவறுகிறோம்.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. ஜெயசங்கர் முதலியோர் மட்டக்களப்புச் சீலாமுனையில் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கம் பிறிதொரு வழியைக் காட்டிற்று. அங்கு கூத்து களரியை விட்டு அகலவில்லை. கூத்துப் பிரதியிற் பெண்மையும் சாதியும் சித்திரிக்கப்பட்ட முறைமையைக் கூத்தரும் ஆய்வாளரும் கூடியிருந்து விவாதித்தனர்.

எனினும், 'ஊரார்' என்பதை ஒரே பிண்டமாகக் கொள்ளலாகாது. ஊருக்குள்ளும் வர்க்கமும் சாதியும் ஆண் பெண் வேறுபாடும் உள. அங்கு பேசியோரை மாத்திரமன்றிப் பேச இயலாதிருந்தோரையும் மதிப்பீடு கணக்கிற் கொள்ளல் வேண்டும்.

எனவே மூன்று வினாக்களை முன்வைக்கிறோம். ஆய்வின் பிரச்சினையை வரையறுத்தோர் யாவர்? மாற்றங்களைத் தீர்மானித்தோர் யாவர்? ஆய்வாளர் நீங்கியபின் ஊரில் எஞ்சுவது யாது? ஆய்வாளருக்குப் பட்டமும் அண்ணாவியாருக்கு நன்றியுரையில் ஒரு வரியும் மாத்திரமே எஞ்சுமாயின், அதனைக் கூட்டுறவு என அழைத்தல் பொருந்தாது.

கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள வந்தாறுமூலை கூத்துக்குப் பேர்போன ஊர். பல்கலைக்கழகம் எழுதும் மதிப்பீட்டை அத்தகைய ஊரின் களரியிலே வாசித்து, மக்களின் மறுப்பையும் அதில் எழுதிச் சேர்க்க நாம் ஆயத்தமா? எமது முற்போக்கு நிலைப்பாட்டின் உரைகல் அதுவேயாகும்.