சத்தம் கேட்கிறது, பேச்சு விளங்கவில்லையா?
தொலைக்காட்சிக்கு ஒலிபெருக்கி வாங்க முன் கவனிக்க வேண்டியவை

வடக்கிலும் கிழக்கிலும் மீள்குடியேறிய கிராமங்களில் இன்று தொலைக்காட்சி இல்லாத வீடுகள் குறைவு. தோட்டம், கூலிவேலை, சமையல், பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஒரு பெண் தனக்கென்று இருந்து பார்ப்பது இரவுச் செய்தியும் ஒரு நாடகமும்தான். அந்தப் பேச்சும் அவளுக்கு விளங்காவிட்டால், பிள்ளைகளோடு ஒன்றாக இருந்து சிரிக்கும் அந்த ஒரு மணித்தியாலமும் இல்லாமல் போகிறது. மெல்ல மெல்ல அவள் எழுந்து குசினிக்குள் போய்விடுகிறாள். வீட்டார் "அம்மாவுக்கு ரீவியில் விருப்பமில்லை" என்று எண்ணிவிடுகிறார்கள்.

முல்லைத்தீவு மாவட்டத்தில் நான் சந்திக்கும் ஒரு தாய்க்கு 2009ஆம் ஆண்டு ஷெல் வெடித்ததில் ஒரு காது பாதிக்கப்பட்டது. "பிள்ளை, சத்தம் வடிவாக் கேக்குது. என்ன கதைக்கினம் எண்டுதான் விளங்கேல்லை" என்பார். அவருடைய மகன் தவணை முறையில் பெரிய ஹோம் தியேட்டர் ஒன்றை எடுக்கத் தீர்மானித்திருந்தார். தாய்மீது உள்ள அன்பினால் எடுத்த முடிவுதான் அது. ஆனால் அந்தத் தாய்க்குத் தேவைப்பட்டது கூடுதலான சத்தமல்ல, தெளிவான பேச்சு. இவை இரண்டும் வேறு வேறு.

ஏன் விளங்குவதில்லை?

கடை, படை, சடை என்று சொல்லிப் பாருங்கள். முதல் எழுத்தின் மெய்யொலி மட்டுமே இச்சொற்களைப் பிரித்துக் காட்டுகிறது. இத்தகைய மெய்யொலிகள் மெலிந்தவை, உயர்ந்த சுருதியில் ஒலிப்பவை. குண்டுச் சத்தத்தாலோ முதுமையாலோ உட்காது பாதிக்கப்படும்போது பெரும்பாலும் முதலில் குறைவது இந்த உயர்சுருதியைக் கேட்கும் திறன்தான். ஆகவே ஆள் பேசுவது கேட்கும், சொல் பிடிபடாது.

இதற்குமேல் இன்றைய தட்டையான தொலைக்காட்சிகளில் ஒலிபெருக்கி மிகச் சிறியது. பலவற்றில் அது கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருக்கும். பேச்சு எம்மை நோக்கி நேராக வராமல் சுவரிலும் மேசையிலும் பட்டு வருகிறது. சீமெந்துச் சுவரும் வெறும் நிலமும் உள்ள வீட்டுத்திட்ட வீடுகளில் அது எதிரொலித்து இன்னும் மங்கிவிடும்.

முதலில் காசில்லாமல் செய்யக்கூடியவை

கடைக்குப் போக முன் இவற்றைச் செய்து பாருங்கள்.

தொலைக்காட்சியைச் சோகேசின் உட்தட்டில் வைத்திருந்தால் விளிம்புக்கு இழுத்து வையுங்கள். கதிரையைக் கிட்டப் போடுங்கள். தூரம் பாதியானால், நேராக வரும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் கூடும். நன்றாகக் கேட்கும் காது தொலைக்காட்சிப் பக்கம் இருக்கும்படி இருங்கள். நிலத்தில் பாய் விரித்து, யன்னலுக்குத் தடித்த சீலை போட்டால் எதிரொலி குறையும். ரிமோட்டில் ஒலி அமைப்பைத் திறந்து, "செய்தி", "தெளிவான குரல்" போன்ற தெரிவு இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் பேஸைக் குறைத்து, ட்ரெபிளைச் சற்றுக் கூட்டுங்கள். மேலே சொன்ன வீட்டில் இவ்வளவையும் செய்ததிலேயே செய்தி அறிக்கையின் பெரும்பகுதி அந்தத் தாய்க்கு விளங்கத் தொடங்கியது.

பெட்டியில் எழுதியிருப்பதை நம்பலாமா?

மலிவான ஒலிபெருக்கிப் பெட்டிகளில் "3000 வாற்ஸ் பி.எம்.பி.ஓ." என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அது விளம்பரக் கணக்கு. ஆர்.எம்.எஸ். என்று எழுதியுள்ள எண்ணையே பாருங்கள். அதுவும் இல்லையென்றால் மின்சார அடாப்டரைப் பாருங்கள். 12 வோல்ற், 2 அம்பியர் என்று இருந்தால் அது கொடுப்பது 24 வாற்ஸ் மட்டுமே. அதற்கு மேலான சக்தி தொடர்ந்து வெளிவர முடியாது. சிறிய அறையில் பேச்சுக் கேட்க 20 வாற்ஸே போதும்.

"5.1" என்பதும் பலரை ஏமாற்றும் எண். முறையான 5.1 அமைப்பில் நடு ஒலிபெருக்கி ஒன்று தனியே இருக்கும். படத்தின் பேச்சு பெரும்பாலும் அதிலிருந்தே வரும். அந்தப் பேச்சை மட்டும் கூட்டவும் முடியும். ஆனால் பின்பக்கத்தில் சிவப்பு, வெள்ளைத் துளைகள் மட்டுமே உள்ள மலிவான செற்றுக்குப் பேச்சு தனியாகப் பிரிந்து வருவதில்லை. ஒரே ஒலியை ஐந்து பெட்டிகளும் பங்கிட்டுக்கொள்ளும். எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. அல்லது ஒப்டிகல் துளை இருக்கிறதா, அது உங்கள் தொலைக்காட்சியிலும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

குறைந்த செலவில் பேச்சுத் தெளிவுதான் தேவை என்றால், நல்ல இரண்டு சிறிய ஒலிபெருக்கிகள், அல்லது குரலைத் தெளிவாக்கும் பொத்தான் உள்ள சவுண்ட் பார் ஒன்று போதுமானது. இருக்கும்போது காது எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் வையுங்கள். வயர் மூலம் இணைப்பதே நல்லது. புளூரூத்தில் சில வேளை உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்று பிந்தி வரும். வாயசைவைப் பார்த்து விளங்கிக்கொள்பவர்களுக்கு அது பெரும் இடைஞ்சல்.

சப்வூபர் எனப்படும் பெரிய பேஸ் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. அது பாட்டுக்கு நல்லது, பேச்சை மூடிவிடும். மூலையில் வைத்தால் அதிர்வு இன்னும் கூடும். யுத்தத்தைக் கடந்து வந்த எம்மில் சிலருக்கு அந்தத் திடீர் அதிர்வு நெஞ்சைப் பதறவைக்கும். அப்படிப்பட்டவர் வீட்டில் இருந்தால் அதைக் குறைக்கும்படி கேட்பது அவருடைய உரிமை. "நைற் மோட்" என்ற தெரிவு உள்ள கருவிகளில் பெருஞ்சத்தம் அடங்கி, மெல்லிய பேச்சு உயரும்.

கடையில் ஒரு பரிசோதனை

கடைக்காரர் பாட்டுத்தான் போட்டுக் காட்டுவார். செய்தி வாசிப்பையோ நாடகத்தையோ போடும்படி கேளுங்கள். திரைக்கு முதுகைக் காட்டி நின்று, கேட்ட வசனத்தைத் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். யாருக்காக வாங்குகிறீர்களோ அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். அந்தத் தாய் தானே சென்று, தானே கேட்டுத் தெரிவு செய்தது இரண்டு சிறிய பெட்டிகளைத்தான். மகன் பார்த்து வைத்திருந்த செற்றைவிட விலை மிகவும் குறைவு.

தவணையின் கணக்கு

ஓர் உதாரணம். 40,000 ரூபாப் பொருளை மாதம் 2,500 ரூபாப்படி 24 மாதங்களுக்கு எடுத்தால் 60,000 ரூபா கட்டுகிறீர்கள். மேலதிக 20,000 ரூபா எந்தச் சத்தத்தையும் தெளிவாக்காது. வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு 2018இல் அரசே நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. சிறுகடன் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை எம் பெண்கள் அறிவார்கள். கையில் உள்ள காசுக்கு வாங்குங்கள். பற்றுச்சீட்டையும் உத்தரவாதப் பத்திரத்தையும் பெற்று, பத்திரமாக வையுங்கள்.

காதையும் காட்டுங்கள்

எந்த ஒலிபெருக்கியும் வைத்தியம் அல்ல. ஒரு காது மந்தமாக இருந்தாலோ, இரைச்சல் கேட்டாலோ, சீழ் வடிந்தாலோ அரசாங்க வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைச் சிகிச்சைப் பிரிவுக்குச் சென்று செவிப்புலன் பரிசோதனை செய்யுங்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் சிகிச்சை உண்டு. உட்காது பாதிப்புக்குச் செவிப்புலன் கருவி உதவக்கூடும். "இத்தனை வருசம் போட்டுது, இனி என்ன" என்று விட்டுவிடாதீர்கள்.

பிள்ளைகளின் காதையும் காக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபெல், சிறுவர்களுக்கு 75 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் என்பதை எல்லையாகக் கூறுகிறது. அம்மாவுக்காகச் சத்தத்தைக் கூட்டும் வீட்டில் பிள்ளை பக்கத்திலேயே இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

கேட்காத பெண்ணிடம் வீட்டார் பேசுவதும் குறைந்துவிடுகிறது. வீட்டு முடிவுகளும் அவளைத் தாண்டிப் போய்விடுகின்றன. ஆகவே சகோதரிகளே, "எனக்கு விளங்கேல்லை, திருப்பிச் சொல்லுங்கோ" என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். தொலைக்காட்சி முன்னாலும் சரி, கிராமக் கூட்டத்திலும் சரி, கந்தோரிலும் சரி, அதைச் சொல்லிப் பழகுங்கள்.