இயந்திரக் கால்கள்: யாருக்கு, எதற்கு?

2012 ஏப்ரல் 22. லண்டன் மாரத்தானில் கிளம்பியவர்களில் அநேகமாக எல்லோரும் அன்று மாலைக்குள் வீடு திரும்பிவிட்டார்கள். கிளேர் லோமாஸ் எல்லைக்கோட்டைத் தொட்டது மே 8ஆம் தேதி! 2007இல் குதிரையேற்றப் போட்டியில் விழுந்து, மார்புக்குக் கீழே செயலிழந்தவர் அவர். ‘ரீவாக்’ என்ற இயந்திரக் கவசத்தைக் கால்களில் கட்டிக்கொண்டு, இரு ஊன்றுகோல்களோடு அந்த 42 கிலோமீட்டரையும் நடந்து தீர்த்தார்.

முதுகில் அடிபட்டவர்களின் குடும்பங்கள் இதைப் படித்ததும் கேட்கும் முதல் கேள்வி, “அந்த மெஷின் இங்கே எங்கே கிடைக்கும்?” என்பதுதான். அதற்குமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அது யாருக்கு, எதற்கு? லோமாஸின் தண்டுவடம் குணமாகிவிடவில்லை. கவசத்தைக் கழற்றியதும் அவருக்குச் சக்கர நாற்காலிதான் துணையாக இருந்தது.

அணிவதும் பழகுவதும்

ரீவாக் அணிந்துகொள்ளும் கருவி. உடம்பை முன்னால் சாய்த்தால் உணரி அதைக் கண்டுகொள்ளும். இடுப்பிலும் முழங்காலிலும் உள்ள மோட்டார்கள் காலை எடுத்து வைக்கும். சமநிலையைக் காப்பது அணிந்தவரின் கைகள்தான். 2014 ஜூனில் இதை வீட்டிலும் வெளியிலும் பயன்படுத்த அமெரிக்க அரசு அனுமதி தந்தது.

ஸ்விட்சர்லாந்தின் ‘லோகோமாட்’ வேறு ஜாதி. அது மருத்துவமனையை விட்டு நகராது. நோயாளியை வார்ப்பட்டையில் தொங்கவிட்டு, எடையில் ஒரு பங்கைத் தான் தாங்கிக்கொண்டு, டிரெட்மில் மீது கால்களை நடக்கும் வாக்கில் அசைக்கும். முன்பு இதே வேலையை இரண்டு மூன்று பிசியோதெரபிஸ்ட்டுகள் மண்டியிட்டு உட்கார்ந்து, ஆளுக்கொரு காலைப் பிடித்துத் தூக்கி வைத்துச் செய்தார்கள். பத்து நிமிடத்தில் அவர்கள் இடுப்பு ஒடிந்துவிடும். இயந்திரத்துக்கு அந்தக் களைப்பு இல்லை. ஒரே அமர்வில் நூற்றுக்கணக்கான அடிகள் எடுத்து வைக்கலாம்.

பூனைகள் சொன்ன பாடம்

ஆயிரம் முறை காலை அசைத்தால் என்ன ஆகும்? விடை பூனைகளிடமிருந்து வந்தது. தண்டுவடம் துண்டிக்கப்பட்ட பூனைகளை டிரெட்மில்லில் பழக்கியபோது, மூளையின் கட்டளையே எட்டாத பின்னங்கால்கள் மீண்டும் அடிவைத்தன. நடையின் தாளம் தண்டுவடத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதை இதுவும் காட்டியது.

மனிதர்களுக்கு இது அவ்வளவு எளிதாக வாய்ப்பதில்லை. தண்டுவடத்தில் சில நரம்பிழைகளாவது மிச்சமிருப்பவர்களுக்கே, அதாவது காலில் கொஞ்சமாவது உணர்வோ அசைவோ உள்ளவர்களுக்கே, பயிற்சியால் சொந்த நடை திரும்பும் வாய்ப்பு அதிகம். அவர்களுக்கும்கூட, நல்ல பிசியோதெரபிஸ்ட் தரையில் நடத்திப் பழக்குவதைவிட இயந்திரம் மேலானது என்று ஆய்வுகள் நிரூபிக்கவில்லை. விளம்பரங்களில் இந்த வரி வராது.

பக்கவாதத்தில் நிலைமை சற்று வேறு. அங்கே வழக்கமான பயிற்சியோடு இயந்திரத்தையும் சேர்த்தால், பிறர் துணையின்றி நடப்பவர்கள் கூடுகிறார்கள். முதல் மூன்று மாதங்களில் தொடங்கியவர்களுக்கும், அப்போது நடக்கவே முடியாமல் இருந்தவர்களுக்கும் பலன் கூடுதல்.

மாட்டுவதற்கு முன்

மாதக்கணக்கில் படுத்திருந்தவரின் எலும்பு மெலிந்திருக்கும். சட்டென்று எடை ஏற்றினால் முறியலாம். எலும்பின் அடர்த்தியை முதலில் பார்த்துவிட வேண்டும். எழுப்பி நிறுத்தியதும் ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரலாம் என்பதால், சாய்வு மேசையில் சிறிது சிறிதாக நிமிர்த்திப் பழக்குவார்கள். மூட்டு மடங்கி இறுகிப்போயிருந்தாலோ, ஆறாத எலும்பு முறிவு இருந்தாலோ காத்திருக்கத்தான் வேண்டும்.

அதிகம் ஏமாற்றுவது தோல். உணர்வில்லாத இடத்தில் பட்டை உரசினால் வலிக்காது, புண்ணானதுகூடத் தெரியாது. ஒவ்வொரு அமர்வும் முடிந்ததும் பட்டை பட்ட இடங்களை நேராகவும், கண்ணுக்கு எட்டாத இடங்களைக் கண்ணாடி வைத்தும் வீட்டார் பார்க்க வேண்டும். சிவப்பு மறையாமல் நின்றால் அடுத்த அமர்வை ஒத்திப்போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

செலவையும் மறந்துவிடலாகாது. லோமாஸ் அணிந்த கவசத்தின் அன்றைய விலை 43,000 பவுண்டு.

உருவாக்கியவர் அணியாத கவசம்

ரீவாக்கை உருவாக்கியவர் இஸ்ரேலியப் பொறியாளர் அமித் கோஃபர். 1997இல் நடந்த விபத்தில் அவருக்குக் கைகளும் பாதிக்கப்பட்டன. ஊன்றுகோலைப் பிடிக்க முடியாததால் தம் கண்டுபிடிப்பைத் தாமே அணிய அவரால் முடியவில்லை. பிற்பாடு தம்மைப் போன்றவர்களுக்காக அவர் வடிவமைத்தது நடக்கும் கருவி அல்ல. உட்கார்ந்தவரை நேராக நிமிர்த்தி நிறுத்தி, நின்ற வாக்கிலேயே தெருவில் கொண்டுசெல்லும் ஒரு சக்கர நாற்காலி.