டிவி பாரதம், ஏட்டுப் பாரதம், நம்ம ஊர்க் கூத்துப் பாரதம்: உங்களுக்குத் தெரியுமா?

2013-இல் ஒரே ஆண்டில் இரண்டு மகாபாரதங்கள் தமிழ் வீடுகளுக்குள் வந்தன. சன் டிவியில் வந்தது தமிழிலேயே எடுத்தது. விஜய் டிவியில் வந்தது இந்தியிலிருந்து குரல் மாற்றியது. அதற்குப் பிறகு கூத்துக் களத்தில் உட்கார்ந்திருக்கும் இளம் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "டிவியில இப்படி வரலையே, இவங்க மாத்திட்டாங்களா?" குயிலாப்பாளையத்திலிருந்து திண்டிவனம், செஞ்சி வரை திரௌபதி அம்மனுக்குப் பாரதம் வைக்கும் ஊர்கள் எத்தனையோ. அந்த மண்ணில் பிறந்த பிள்ளைகளே இப்படிக் கேட்பது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. யார் எதை மாற்றினார்கள் என்று பார்த்துவிடலாம்.

மாயசபையில் திரௌபதி சொன்ன வசனம்

தண்ணீரைத் தரை என்று நினைத்துத் துரியோதனன் விழுகிறான். மேலே மாடத்திலிருந்து திரௌபதி "குருடன் மகனும் குருடன்தான்" என்கிறாள். பி.ஆர். சோப்ராவின் 1988 தொடரைப் பார்த்தவர்கள் யாரும் இதை மறக்கவில்லை. பாரதப் போருக்கே அந்த ஒரு வாய்த்துடுக்குதான் காரணம் என்று சொல்பவர்களும் உண்டு. வியாசரின் சபா பருவத்தில் இந்த வசனம் இல்லை. துரியோதனன் விழும் இடத்தில் சிரிப்பவர்கள் பீமனும் மற்றத் தம்பிகளும் வேலையாட்களும். பிறகு அப்பாவிடம் போய்ப் புலம்பும்போதுதான் திரௌபதியும் மற்றப் பெண்களும் சிரித்ததாகத் துரியோதனன் சொல்கிறான். அந்தச் சிரிப்பைக்கூட அவன் வாய்மொழியாகத்தான் கேட்கிறோம். ஒரு பெண்ணின் தலையில் பதினெட்டு நாள் போரைக் கட்டிவைத்த வசனம் மூலத்திலேயே இல்லை என்பதை உரக்கச் சொல்லத்தான் வேண்டும்.

கருவில் கேட்ட பாடம்

சக்கர வியூகத்துக்குள் நுழையும் வித்தையை அபிமன்யு தாயின் வயிற்றில் கேட்டான், அம்மா தூங்கிவிட்டதால் வெளியே வரும் வித்தை பாதியில் நின்றது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. வியாசரின் துரோண பருவத்தில் அபிமன்யு தருமரிடம் சொல்வது இவ்வளவுதான்: உள்ளே போக அப்பா கற்றுக்கொடுத்தார், வெளியே வரக் கற்றுக்கொடுக்கவில்லை. கரு, தூக்கம் எல்லாம் பின்னால் மக்கள் சேர்த்தவை.

சகுனியின் தாயக்கட்டை

சிறையில் செத்த அப்பாவின் எலும்பில் செய்தது, கௌரவ குலத்தைப் பழிவாங்கவே சகுனி கூட இருந்தான் என்பதும் அப்படியே. வியாசர் காட்டும் சகுனி மருமகனுக்காக ஆடும் தேர்ந்த சூதாடி, அவ்வளவுதான்.

சேலை வளர்ந்த இடம்

புனேயிலுள்ள பண்டார்கர் ஆய்வு நிறுவனம் 1919-இல் தொடங்கி 1966 வரை பாடுபட்டு, நூற்றுக்கணக்கான ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டு மகாபாரதத்துக்கு ஒரு செம்பதிப்பு கொண்டுவந்தது. அந்தப் பதிப்பின் மூல பாடத்தில், திரௌபதி கண்ணனைக் கூவி அழைப்பது இல்லை. துணி வந்துகொண்டே இருக்கிறது. யார் கொடுத்தார் என்று சொல்லப்படவில்லை. கண்ணன் கையிலிருந்து சேலை பெருகுவது பல ஏடுகளில் இருக்கிறது, தமிழில் இருக்கிறது, டிவியில் இருக்கிறது. பிள்ளையார் உட்கார்ந்து பாரதம் எழுதிய கதையையும் அந்தப் பதிப்பு பின்னிணைப்புக்குத்தான் அனுப்பியது. ஆக, "மூலம்" என்பதையே ஒரே நூலாக நினைத்துக்கொள்ள முடியாது.

விரித்த கூந்தல்

இதில்தான் நம்ம ஊர்ப் பாரதம் தனியாக நிற்கிறது. கூந்தலை முடிக்க மாட்டேன் என்று திரௌபதி சபதம் செய்வது வியாசரின் சபையில் இல்லை. அங்கே சபதம் போடுகிறவன் பீமன்: துச்சாதனன் மார்பைப் பிளப்பேன், துரியோதனன் தொடையை முறிப்பேன் என்று. பின்னல் முடிக்கும் கதை பட்ட நாராயணரின் வேணீசம்ஹாரம் என்ற வடமொழி நாடகத்தில் வருகிறது. தமிழில் வில்லிபுத்தூராரின் பாரதத்தில் வருகிறது.

குயிலாப்பாளையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் புதுச்சேரி. பாரதியார் 1908 முதல் 1918 வரை அங்கேதான் இருந்தார். பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912-இல் வெளிவந்தது. இரண்டாம் பாகம் அவர் காலமான பிறகு 1924-இல் அச்சேறியது. அவர் குடியிருந்த தெருவின் பெயர் ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு. இந்தப் பக்கத்தில் தர்மராஜா கோயில் என்றால் திரௌபதி அம்மன் கோயில். அந்த மண்ணில் இருந்துகொண்டு பாஞ்சாலியின் சபதத்தோடு காவியத்தை நிறுத்தினார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும்.

டிவித் தொடர்களில் துச்சாதனன் இரத்தத்தை பீமன் ஏந்தி வருவான், திரௌபதி கூந்தலை நனைப்பாள். நம் ஊர்ப் படுகளத்தில் நடப்பது வேறு. கோயிலுக்கு எதிரே திறந்த வெளியில் மண்ணைக் குழைத்துத் துரியோதனனை மல்லாக்கப் படுத்த நிலையில் செய்வார்கள். பல பத்து அடி நீளம். முகத்துக்கு வண்ணம், முறுக்கு மீசை, விழித்த கண். இரவெல்லாம் பதினெட்டாம் போர் ஆடிய களைப்போடு, கலையாத வேஷத்தோடு, பீமனும் துரியோதனனும் காலை வெயிலில் அந்த மண் உடம்பைச் சுற்றி ஓடுவார்கள், மேலே ஏறுவார்கள். தொடைப் பக்கம் செந்நிறக் குழம்பை முன்கூட்டியே வைத்திருப்பார்கள். பீமன் அங்கே அடிக்க, அந்தச் சிவப்பை எடுத்துத் திரௌபதியின் கூந்தலில் தடவி, முடித்து, பூ வைப்பார்கள். கூட்டம் கையெடுத்துக் கும்பிடும். படுகள மண்ணைப் பிடி பிடியாக வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். அன்றைக்கே தீமிதி. வியாசரில் தொடை முறியும் இடத்தில் திரௌபதி இல்லவே இல்லை; தீமிதியும் இல்லை.

அந்தச் சபைக் காட்சிக்கு முன்

துகில் உரியும் இரவில் துச்சாதனன் வேஷக்காரர் திரௌபதி வேஷத்தின் முன் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்ட பிறகுதான் சேலையில் கை வைப்பார். சில இடங்களில் வேஷக்காரருக்கு அருள் வந்துவிடும். கேமரா முன் நடக்கும் எந்தச் சபைக் காட்சிக்கும் இந்தக் கனம் வந்து நான் பார்த்ததில்லை.

வில்லி நம்ம பக்கத்துக்காரர்

வில்லிபுத்தூரார் பிறந்தது திருமுனைப்பாடி நாட்டுச் சனியூர். இன்றைய விழுப்புரம், கடலூர் வட்டாரம்தான் அந்த நாடு. அவரை ஆதரித்தவர் வக்கபாகை வரபதி ஆட்கொண்டான். 4,300-க்கும் மேற்பட்ட விருத்தங்களில் பாடினார். கோயில் திருவிழாவில் பிற்பகல் நடக்கும் பாரதப் பிரசங்கத்துக்கு இந்த நூல்தான் அடிப்படை. அவரும் வியாசரை அப்படியே பின்தொடரவில்லை.

சகாதேவன் கண்ணனைக் கட்டும் இடத்தைப் பாருங்கள். போரைத் தடுக்க என்ன வழி என்று கண்ணன் கேட்க, கர்ணனுக்கு முடிசூட்ட வேண்டும், அர்ச்சுனனைக் கொல்ல வேண்டும், திரௌபதி கூந்தலைக் களைய வேண்டும், உன்னையும் கட்டிவிட வேண்டும் என்கிறான் தம்பி. முடிந்தால் கட்டு என்று கண்ணன் பல வடிவம் எடுக்கிறான்; மூல வடிவத்தை மனத்தால் பிடித்துக் கட்டிவிடுகிறான் சகாதேவன். விதுரர் வில்லை முறிப்பதும் வில்லியில் உண்டு. கண்ணனுக்கு விருந்து வைத்ததற்காகத் துரியோதனன் பிறப்பைச் சொல்லி ஏசுகிறான். உனக்காகப் போர் செய்யமாட்டேன் என்று விதுரர் வில்லை இரண்டாக ஒடிக்கிறார். இரண்டுமே வியாசரில் கிடையாது. இரண்டாவதைக் கூத்தில் பார்த்தால் தொண்டை அடைக்கும்.

அரவான்

வியாசரில் அர்ச்சுனனுக்கும் உலூபிக்கும் பிறந்த இராவான், எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்ற அரக்கன் கையால் சாகிறான். தமிழில் அவன் போருக்கு முன்பே களப்பலி ஆகிறான். 9-ஆம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே களப்பலி இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழைய மாற்றத்தை "கூத்துக்காரர் கட்டிவிட்டது" என்று தள்ளுவது நியாயமா? பலிக்கு முந்தின இரவு கண்ணன் மோகினியாகி அரவானை மணப்பது பெருந்தேவனாரிலும் இல்லை, வில்லியிலும் இல்லை. அது கூவாகத்தில் வாழ்கிறது. முன்பு விழுப்புரம் மாவட்டம், 2019-க்குப் பின் கள்ளக்குறிச்சி மாவட்டம். சித்திரையில், கூத்தாண்டவர் என்று வணங்கப்படும் அரவான் முன் திருநங்கையர் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அரவான் பலியானதும் தாலி அறுத்து அழுகிறார்கள்.

கர்ணன் மனைவிக்கு எத்தனை பெயர்?

வியாசரில், தன் தேரோட்டிச் சாதியில் வளர்ப்புத் தந்தை அதிரதன் பெண் பார்த்துக் கட்டிவைத்ததாகக் கர்ணனே கண்ணனிடம் சொல்கிறான். அதில் பெயர் இல்லை. 1964-இல் பந்துலு எடுத்த 'கர்ணன்' படத்தில் சுபாங்கி. 1967-இல் வந்த சிவாஜி சாவந்தின் 'மிருத்யுஞ்சய்' மராத்தி நாவலில் விருஷாலி. இந்தித் தொடர் எடுத்தவர்கள் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டார்கள். நம் கூத்தில் பொன்னுருவி. தேரோட்டி மகனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று கணவனை ஒதுக்கிவைத்தவள், கடைசி நாள் போருக்குப் போகும் முன் அவன் பிறப்பைத் தெரிந்துகொண்டு கதறுகிறாள். கர்ண மோட்சம் என்ற கூத்தில் அந்த வழியனுப்பும் கட்டம் மணிக்கணக்கில் நீளும். கருமாதிக்கும் கர்ண மோட்சம் வைக்கும் வழக்கம் இந்தப் பக்கம் உண்டு. துரியோதனன் மனைவிக்கும் கூத்தில் வேறு பெயர்: பெருந்திருவாள்.

பாரதத்துக்கு இரண்டாம் பாகம்

செஞ்சிக்கு அருகே மேலச்சேரி. போர் முடிந்து காலம் கடந்த பிறகு, நூறு தலை அசுரனை அழிக்கத் திரௌபதி மறுபடி தோன்றியது இங்கேதான் என்கிறது தலக்கதை. செஞ்சி அரசன் சுனீதன் அவளை வேண்டி அழைத்தானாம். அசுரனின் கடைசித் தலை தரையில் விழக்கூடாது. அதனால் காவல்காரன் போத்துராஜா அதைக் கையிலேயே ஏந்திக்கொண்டான். இந்த வட்டாரக் கோயில் வாசலில் கையில் தலையோடு நிற்கும் சிலை அவர்தான். பாண்டவர்கள் சிவானந்தபுரிக்குப் போய் அவரிடமிருந்து படைக்கலங்களைக் கைப்பற்றிய கதையைப் போர்மன்னன் சண்டை என்று ஆடுவார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபெய்டல் 1988-லும் 1991-லும் வெளியிட்ட இரண்டு பெரிய நூல்களுக்குச் செஞ்சி வட்டாரம்தான் மையம். நாம் "டிவியில வரலையே" என்கிறோம். அவர் அதே கதையைத் தேடிக் கடல் கடந்து வந்தார்.

திரௌபதி அம்மனுக்கு இன்னொரு காவல்காரர் முத்தால் ராவுத்தர். முஸ்லிம். எந்தப் பாரத ஏட்டிலும் இல்லாதவர், கோயிலில் மட்டும் இருக்கிறார்.

ஊரே மேடை

பகாசுரன் வதம் அன்று பீமன் வேஷக்காரர் வண்டியில் சோற்றோடு தெருத்தெருவாக வருவார். வீட்டுக்கு வீடு கொண்டுவந்து கொடுப்பதை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே போவார். அர்ச்சுனன் தபசுக்கு உயரமான மரத்தை நட்டு, படி கட்டி, வேஷக்காரர் பாடிக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறுவார். உச்சியிலிருந்து அவர் போடும் எலுமிச்சம்பழத்தைப் பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் மடியேந்தி வாங்குவார்கள். வியாசரின் அர்ச்சுனன் இமயத்தில் தனியாகத் தவம் செய்தான். இங்கே ஊர் முழுக்கக் கீழே நிற்கிறது.

கதை சொல்வது யார்?

வியாச பாரதத்தில் ஜனமேஜயனுக்கு வைசம்பாயனர் சொல்கிறார். அதை நைமிசாரண்ய முனிவர்களுக்கு உக்கிரசிரவசு திருப்பிச் சொல்கிறார். சோப்ராவின் 94 எபிசோடுகளில் காலமே குரலாக வந்து பேசும். வசனம் எழுதியவர் ராஹி மாசூம் ரசா. கூத்தில் கட்டியங்காரன். ராஜாவை வரவேற்பான், கேலி செய்வான், நம்மிடம் திரும்பி ஊர் நியாயம் பேசுவான். எனக்கு இவன்தான் பிடிக்கும்.

வெளியூரில் என்ன நடந்தது?

நூலை டிவி மாற்றுவது வெளியூரிலும் உண்டு. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடர் 2011-இல் தொடங்கி 2019-இல் முடிந்தது. அதற்கு மூலமான ஜார்ஜ் மார்ட்டினின் நாவல் வரிசையில் ஐந்தாம் நூல் வந்ததும் 2011-இல்தான். தொடர் முடியும்வரை ஆறாம் நூல் வரவில்லை. ஆகவே கடைசிப் பருவங்களில் டிவிக்காரர்களே கதையை முடித்துவைத்தார்கள். நாவலில் செத்துப் பிழைத்துப் பழிவாங்க வரும் கேட்லின் என்ற பாத்திரம் தொடரில் செத்ததோடு சரி. அதற்கே உலகம் முழுக்க ரசிகர்கள் சண்டை போட்டார்கள்.

இந்தியில் தேவகிநந்தன் கத்ரியின் 'சந்திரகாந்தா' நாவல் 1888-இல் வந்தது. அதில் மாய மாளிகை உண்டு. ஆனால் அதன் மர்மம் பெரும்பாலும் பொறி, இரசவாதம், ஒற்றர்களின் வேஷம். 1994-இல் தூர்தர்ஷன் தொடரானபோது நிஜ மந்திரமும் சூனியமும் ஏறிவிட்டன.

போய்ப் பார்க்க

பங்குனி, சித்திரையில் சூடு பிடித்து ஆடி, ஆவணி வரை இந்தப் பக்கம் பாரதம் நடக்கும். பெரிய கோயில்களில் பதினெட்டு, இருபது நாள். சிறிய ஊர்களில் பத்து. பிற்பகல் பிரசங்கம், கடைசி ஒரு வாரத்துக்குக் குறையாமல் இரவுக் கூத்து, பெரும்பாலும் திரௌபதி கல்யாணத்தில் தொடங்கும். இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்தால் விடியும்வரை எழுந்திருக்க வேண்டாம். டிக்கெட் கிடையாது. பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். "டிவியில வரலையே" என்று கேட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் கேட்கச் சொல்லுங்கள், அவருக்கு விருத்தமே மனப்பாடமாக இருக்கும்.