உஷார்! ஈரலில் சீழ் கோத்தால் சர்க்கரை உருண்டை காப்பாற்றாது

ஒற்றசேகரமங்கலம், ஆரியன்கோடு, வெள்ளறடை, பாறசாலை, கேரள எல்லை தாண்டினால் களியக்காவிளை, மார்த்தாண்டம். பெண் கொடுத்தும் எடுத்தும் ஒன்றாகிப்போன இந்த ஊர்க் குடும்பங்களுக்கு அவசரமாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். வலது விலாவுக்குக் கீழே வலி. மூச்சை இழுத்தால் குத்துகிறது, சிலருக்கு வலது தோள்பட்டை வரைக்கும் ஏறுகிறது. சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு. இந்தக் குறிகள் சேர்ந்து வந்தால் கல்லீரலில் சீழ்க்கட்டி இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்தாக வேண்டும். கண் மஞ்சளாகவில்லையே என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். இந்த நோயில் பலருக்கு மஞ்சள் காமாலை வருவதே இல்லை. பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சல் இறங்கினாலும் உள்ளே சீழ் வளர்ந்துகொண்டேதான் இருக்கும்.

சர்க்கரை நோயாளிகள் இரட்டிப்பு உஷாராக இருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. நாடு முழுவதற்கும் சர்க்கரை நோய் 11.4 சதவீதம், கேரளத்தில் மட்டும் 25.5. பெரியவர்களில் நாலு பேருக்கு ஒருவர்! கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா சர்க்கரை நோயாளிகளைத்தான் அதிகம் பிடிக்கிறது. அதில் ஒரு கொடிய வகை ஈரலோடு நிற்காமல் ரத்தத்தின் வழியே கண்ணுக்குப் போய்ப் பார்வையையே பறித்துவிடும். பித்தப்பைக் கல், பித்தக்குழாய் அடைப்பு, குடல்வால் அழற்சி இவற்றிலிருந்தும் கிருமி ஈரலுக்கு ஏறும். அமீபாவால் வரும் ஈரல் கட்டியும் உண்டு, அதற்கு மருந்து வேறு. நெய்யாற்றின்கரைப் பகுதியில் 2024இல் எல்லோரையும் பயமுறுத்திய மூளைக்காய்ச்சல் அமீபாவும் இந்த அமீபாவும் ஒன்றல்ல.

இனி, இதை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். “ஆஸ்பத்திரி மருந்தோடு துணைக்கு ஹோமியோவும் எடுங்கள், சீழ் தானாக வற்றிவிடும்” என்ற பேச்சு. நம் பக்கத்தில் ஹோமியோ மேல் உள்ள நம்பிக்கை சின்னதல்ல. திருவனந்தபுரம் ஐராணிமுட்டத்தில் அரசு ஹோமியோபதி மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அதனாலேயே இந்தப் பேச்சு சுலபமாக எடுபடுகிறது.

ஹெப்பார் சல்ஃப் என்ற ஹோமியோ மருந்து சீழைப் பழுக்க வைக்கும், சிலிசியா என்ற இன்னொன்று அதை வெளியே தள்ளும் என்பார்கள். தோலில் வந்த கொப்புளம் உடைந்தால் சீழ் வெளியே வழியும். ஈரலில் இருக்கும் சீழுக்கு வெளியே வர எங்கே வழி? அது உடைந்தால் வயிற்றுக்குள் கொட்டும், அல்லது நெஞ்சுக்கூட்டுக்குள் ஏறும். பிறகு ரத்தம் முழுக்க விஷமாகி, ரத்த அழுத்தம் விழுந்து, சில மணி நேரத்தில் உயிர் ஊசலாடும். தானாக உடையட்டும் என்று காத்திருக்கக்கூடிய கட்டி அல்ல இது.

அந்த ஹோமியோ சர்க்கரை உருண்டையில் என்ன இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 30 என்ற வீரியத்தில் மூல மருந்து 1க்குப் பின்னால் 60 பூஜ்யம் போட்ட அளவுக்கு நீர்க்கப்படுகிறது. அதில் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லை. எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருவதாக நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆய்வுக் கவுன்சில் 2015இல் அறிவித்தது. 2017இல் இத்தாலியில் 7 வயதுப் பையனுக்குக் காதில் பாக்டீரியாத் தொற்று. ஆன்டிபயாட்டிக் கொடுக்காமல் ஹோமியோவிலேயே நாட்களைக் கடத்தினார்கள். தொற்று மூளைக்கு ஏறிப் பையன் இறந்துபோனான்.

ஹோமியோவில் ‘மதர் டிங்க்சர்’ என்னும் தாய்த் திரவங்கள் இன்னும் மோசம். அவை நீர்த்தவை அல்ல, சாராயத்தில் ஊறியவை. ஈரல் கட்டிக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரை சாப்பிடும்போது சாராயம் கூடாது என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள். ஈரலுக்கு நல்லது என்று கொடுக்கப்படும் செலிடோனியம் மூலிகையே ஈரலைக் கெடுத்ததாக ஜெர்மனியிலிருந்து மருத்துவப் பதிவுகள் உண்டு. ஆலுவா ராஜகிரி மருத்துவமனையின் கல்லீரல் மருத்துவர் சிரியக் ஆபி ஃபிலிப்ஸும் குழுவினரும், ஹோமியோ மருந்துக்குப் பிறகு ஈரல் பாதிக்கப்பட்ட 9 நோயாளிகளைப் பற்றி 2023இல் எழுதியிருக்கிறார்கள்.

உண்மையான சிகிச்சை தெளிவானது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ரத்தத்தில் கிருமி வளர்க்கும் கல்ச்சர். முதலில் ரத்தக்குழாய் வழி ஆன்டிபயாட்டிக். 5 சென்டிமீட்டருக்கு மேல் பெரிய கட்டி என்றால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே குழாய் வைத்துச் சீழை எடுப்பார்கள். மருந்து பெரும்பாலும் 4 முதல் 6 வாரம். ஆன்டிபயாட்டிக் இல்லாத காலத்தில், சீழை எடுக்காமல் விட்டால் இந்த நோய் ஏறக்குறைய மரண தண்டனைதான். இன்று நேரத்தோடு வருபவர்களில் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள்.

அதிகம் பேர் ஏமாறுவது வீட்டுக்கு வந்த பிறகுதான். ஒரு வாரத்தில் காய்ச்சல் விட்டுவிடும். “இங்கிலீஷ் மருந்து சூடு, போதும் நிறுத்து” என்று யாராவது சொல்வார்கள், மாத்திரை நின்றுவிடும், உருண்டை தொடங்கும். மிச்சமிருக்கும் கிருமி மறுபடி தலையெடுக்கும். இன்னொன்று, நோய் குணமான பிறகும் ஸ்கேனில் கட்டி இருந்த குழிவு மாதக்கணக்கில் தெரியலாம். அதைக் காட்டிப் பயமுறுத்தி மருந்து விற்பவர்களை நம்பாதீர்கள். அது தானாகச் சுருங்கும்போது உருண்டைக்குப் பெருமை சேர்க்கவும் வேண்டாம்.

நேர்மையான ஹோமியோ டாக்டர் இந்தக் குறிகளைக் கேட்டவுடன் உங்களை ஸ்கேனுக்கு அனுப்பிவிடுவார். அனுப்பாமல் “பத்து நாள் பார்க்கலாம்” என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பாறசாலை தாலுகா மருத்துவமனைக்கோ நெய்யாற்றின்கரை அரசுப் பொது மருத்துவமனைக்கோ உடனே போங்கள். நோயாளிக்கு மூச்சு இரைத்தாலும், பேச்சு குழறினாலும், கைகால் சில்லிட்டாலும் 108ஐ அழையுங்கள். கேரளம், தமிழ்நாடு இரண்டு பக்கமும் அதே எண்தான்.